கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தால் போதாது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட், பீட்டர்மரிட்ஸ்பர்க் பகுதிகளில் சங்கங்களையும் கோயில்களையும் நடத்தி வரும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

நான் இந்த வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். உங்களில் சிலர் என்னைத் தைப்பூசக் காவடியின்போது பார்த்திருப்பீர்கள், சிலர் தமிழ் வகுப்பு வாசலில் பார்த்திருப்பீர்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் மண்டபத்தைப் பூட்டி விடுகிறீர்கள். அதை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். கிரேட் 10 படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர்கள் பையில் கிடக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரை ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறேன்.

"கால்குலேட்டருக்கு ஒரு வகுப்பா?" என்று கேட்பீர்கள். ஒரு சங்கத்தில் இதை நேரில் சொன்னபோது அப்படித்தான் கேட்டார்கள். "வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர், மெஷினைத் தட்ட யாருக்குத்தான் தெரியாது?" என்றார் ஒரு பெரியவர். அக்கறையோடு கேட்டவர்தான். ஆனால் அன்று கூட்டத்தில் நேரமில்லை, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

மெட்ரிக், அதாவது கிரேட் 12 இறுதி, கணக்குத் தேர்வு இரண்டு தாள். ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், 3 மணி நேரம். தாளின் தொடக்கத்தில் இருக்கும் விதிகளில் ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட சயின்டிஃபிக் கால்குலேட்டரைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. புரோகிராம் எழுதக் கூடியதும் வரைபடம் காட்டக் கூடியதும் ஆகாது, மற்றபடி தடையில்லை. அதாவது தேர்வு எழுதும் பிள்ளையிடம் ஒரு நல்ல கால்குலேட்டர் இருக்கிறது, அதை அவளுக்குப் பயன்படுத்தத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் தாளையே அமைக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் நம் பக்கத்தில் பொய்த்துப் போகிறது. ஜனவரியில் எழுதுபொருள் பட்டியலில் கால்குலேட்டர் இருக்கும், அப்பா வாங்கிக் கொடுப்பார். பெட்டிக்குள் இருக்கும் கையேடு எறும்பு மாதிரி எழுத்தில் அச்சடித்த மடிப்புத் தாள், அதை யாரும் பிரிப்பதில்லை. வகுப்பில் டீச்சருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது. கடைசியில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஸ்கொயர் ரூட். கடைக்காரர் மேசையில் கிடக்கும் மெஷின் செய்கிற அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? என் மேசைக்கு வரும் விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஒரு கோபுரத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அதன் உச்சி 35 டிகிரி ஏற்றக் கோணத்தில் தெரிகிறது, உயரம் என்ன? 40 பெருக்கல் டேன் 35. விடை 28.01 மீட்டர். ஆனால் பிள்ளை 18.95 என்று எழுதியிருக்கிறாள். சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி, தட்டியதும் சரிதான். கால்குலேட்டர் டிகிரியில் இல்லை, ரேடியனில் இருந்திருக்கிறது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு குட்டி எழுத்து இருக்கும். டி என்றால் டிகிரி, ஆர் என்றால் ரேடியன், ஜி என்றால் கிரேடியன், மூன்றும் கோணத்தை அளக்கும் அலகுகள். தம்பி எடுத்து விளையாடியிருப்பான், அல்லது பையில் எதிலாவது அழுந்தி மாறியிருக்கும். 18.95 மீட்டர் என்பது நம்ப முடியாத உயரமும் இல்லை, அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. விடை மைனஸில் வந்திருந்தாலாவது ஏதோ தவறு என்று தெரிந்திருக்கும். கிரேடியன் இதைவிட மோசம். சைன் 30 என்று தட்டினால் 0.5க்குப் பதில் 0.454 வரும். பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் அந்த எண்.

இன்னொன்று. 2எக்ஸ்² − 5எக்ஸ் − 7 = 0 என்ற சமன்பாடு. எக்ஸின் கெழு −5. சூத்திரத்தில் அதன் வர்க்கம் வேண்டும். பிள்ளை மைனஸ், 5, வர்க்கம் என்று வரிசையாகத் தட்டுகிறாள். கால்குலேட்டர் முதலில் 5ஐ வர்க்கமாக்கி, அப்புறம்தான் மைனஸைப் போடும். விடை −25. அது கணித விதிப்படி செய்வது, அதன்மேல் குற்றமில்லை. −5ஐ அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் 25 வந்திருக்கும். அந்த ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதால் ரூட்டுக்குள் 81 இருக்க வேண்டிய இடத்தில் 31 வந்து உட்கார்ந்து விடுகிறது. சரியான விடைகள் 3.5, −1. அவள் எழுதுவது 2.64, −0.14. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி, அடிக்கோடு போட்டு, அழகாக எழுதியிருப்பாள். அந்த அடிக்கோட்டைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது.

வீட்டுக் கடன் கணக்குக்கு வருவோம், இது பெற்றோர்களுக்கும் உதவும். 900,000 ரேண்ட் கடன், ஆண்டு வட்டி 11 சதவீதம், மாதாமாதம் கூட்டு வட்டி, 20 ஆண்டுகளில் அடைக்க வேண்டும், மாதத் தவணை எவ்வளவு? மாத வட்டி 0.11 வகுத்தல் 12, அதாவது 0.0091666 என்று போய்க்கொண்டே இருக்கும். தாளின் தொடக்கத்தில் விடைகளை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, பிள்ளை இங்கேயே சுருக்கி 0.01 என்று எழுதிக்கொள்கிறாள். மாதம் 0.01 என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். வங்கி 11 கேட்டது, நம் பிள்ளை 12 கொடுக்கிறாள். சரியான தவணை 9,289.70 ரேண்ட். அவள் விடை 9,909.78 ரேண்ட். மாதம் 620 ரேண்ட் வித்தியாசம். தேர்வில் மதிப்பெண் போகும். நாளை வங்கி மேலாளர் முன்னால் உட்காரும்போது எது போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்கு மருந்து மிக எளிது. சுருக்குவது கடைசி வரியில் மட்டும். நடுவில் வரும் எண்ணை ஷிஃப்ட் அழுத்தி ஆர்சிஎல் அழுத்தி ஏ என்ற பெயரில் சேமித்து வைக்கலாம், அல்லது பின்னமாகவே அப்படியே சூத்திரத்துக்குள் தட்டலாம். முந்தைய விடையை எடுத்துத் தர ஆன்ஸ் என்றொரு பட்டனே இருக்கிறது. எதற்கு என்றே தெரியாமல் அந்தப் பட்டனைப் பல ஆண்டு பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புள்ளியியலில் நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம், ஏனென்றால் அது கால்குலேட்டர் தெரிந்தவர்களுக்குத் தட்டில் வைத்துத் தரும் மதிப்பெண். இரண்டாம் தாளில் சுமார் 20 மதிப்பெண் அதற்கு. ஸ்டாட் மோடுக்குள் போய் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்றினால் சராசரியும் திட்ட விலக்கமும் மெஷினே தரும். ஆனால் அது இரண்டு திட்ட விலக்கத்தைக் காட்டும், சிக்மா எக்ஸ் ஒன்று, எஸ் எக்ஸ் ஒன்று. நமது சூத்திரத் தாள் எண்ணிக்கையால் வகுக்கிறது, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பதில்லை. ஆகவே நமக்கு வேண்டியது சிக்மா. 3, 5, 6, 8, 8 என்ற ஐந்து எண்களை ஏற்றிப் பாருங்கள். சிக்மா 1.90 என்று வரும், எஸ் 2.12 என்று வரும். எது என்று சொல்லித் தராவிட்டால் பிள்ளை கண்ணில் முதலில் பட்டதை எடுத்து எழுதும். போக்குக் கோட்டுச் சமன்பாட்டிலும் இதே கதைதான். கால்குலேட்டர் தரும் ஏ என்பது கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம், பி என்பது சாய்வு. பள்ளியில் முன்பு படித்த, ஏ என்பது சாய்வாக இருந்த நேர்கோட்டு வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏயைச் சாய்வாக எழுதிவிடுகிறார்கள். இரண்டு எண்ணும் சரி, இடம் மட்டும் மாறிப்போச்சு.

அப்புறம் டேபிள் மோட். இதைக் காட்டும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எக்ஸ்³ − 4எக்ஸ்² − 11எக்ஸ் + 30 என்ற கோவையை ஏற்றி, −5இலிருந்து 5 வரை ஒன்று ஒன்றாக என்று சொல்லிவிட்டால், மெஷின் ஒரு பட்டியல் போட்டுத் தரும். வலது பக்க வரிசையில் எங்கெல்லாம் 0 வருகிறது என்று விரலை வைத்துக்கொண்டே இறங்கினால் −3இல் ஒன்று, 2இல் ஒன்று, 5இல் ஒன்று. மூன்று மூலங்களும் கையில். இதை அப்படியே விடையாக எழுத முடியாது, வெறும் விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று தாளே சொல்கிறது. ஆனால் எந்தக் காரணியை எடுத்துக்கொண்டு தொடங்குவது என்று பத்து நிமிடம் திண்டாடாமல், 2ஐப் பிரதியிட்டால் 0 வருகிறது என்று எழுதி நேராகக் காரணிப்படுத்தப் போய்விடலாம். வரைபடம் போடவும் அந்தப் பட்டியல்தான் உதவும்.

சரி, இப்போது வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். கோபுரக் கணக்கையே மறுபடி பாருங்கள். டேன் 30 என்பது ரூட் 3இல் ஒரு பங்கு, டேன் 45 என்பது 1. இந்த இரண்டும் தலையில் இருந்தால், 30 டிகிரிக்கே உயரம் 23 மீட்டர் தாண்டிவிடும், 45 டிகிரிக்கு 40 மீட்டர் வரும், ஆகவே 35 டிகிரிக்கு 18.95 வரவே வராது என்று பிள்ளைக்கு அந்த நிமிடமே பிடிபடும். மெஷினின் பிழையைப் பிடிப்பது மனக்கணக்குதான். மனக்கணக்கும் கால்குலேட்டரும் சக்களத்திகள் அல்ல. தேர்வு வைப்பவர்களுக்கும் இது தெரியும். முக்கோணவியலில் கால்குலேட்டரைப் பயன்படுத்தாமல் மதிப்பைக் கண்டுபிடி என்று சில கேள்விகளை வேண்டுமென்றே கேட்பார்கள். அங்கே தசம எண்ணை எழுதி வைத்தால் மதிப்பெண் இல்லை.

அதோடு, மெஷின் சொல்லாமல் விடுவதும் உண்டு. சைன் மதிப்பு 0.5 என்றால் கோணம் என்ன என்று கேட்டால் அது 30 டிகிரி என்று மட்டும் சொல்லும். 150 டிகிரிக்கும் அதே மதிப்பு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சாய்வு −2 உள்ள கோட்டின் சாய்கோணத்தைக் கேட்டால் −63.43 என்று காட்டும், அதோடு 180ஐக் கூட்டி 116.57 என்று எழுதுவது பிள்ளையின் வேலை. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் கால்குலேட்டர் தெரிவது. பட்டனைத் தட்டுவது அதில் கடைசிப் படி.

ஆகவே வீட்டிலும் சங்கத்திலும் "மெஷின் இல்லாமல் உனக்கு ஒன்றும் வராதா?" என்று பிள்ளைகளைக் கேட்பதை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் நான் பிளஸ் டூ படித்தபோது கால்குலேட்டரைத் தொடவே விடமாட்டார்கள். பிசிக்ஸ் பிராக்டிகலுக்கு லாக் டேபிள். மஞ்சளேறிய சின்னப் புத்தகம், பெருக்கல் வேண்டுமானால் இரண்டு லாக்கைக் கூட்டி, அப்புறம் ஆன்டிலாக் பார்க்க வேண்டும். அதையும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரிசையில் எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டித்தான் கற்றுக் கொடுத்தார்கள். லாக் டேபிளை வைத்துக்கொண்டு பெருக்கியவர்களை யாரும் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொன்னதில்லை. 1972இல் எச்பி-35 என்ற முதல் பாக்கெட் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வந்தபோது அதன் விலை 395 டாலர். அதன் சைன், காஸ், லாக் எல்லாம் இன்று சில நூறு ரேண்டுக்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்பதுதான் குறை.

சில நூறு ரேண்ட் என்று எழுதிவிட்டேன், அதுவும் எல்லா வீட்டுக்கும் எளிதல்ல. பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 560 ரேண்ட். ஆயா தன் பென்ஷனில் மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அந்த வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கால்குலேட்டர். இரண்டு பேருக்கும் ஒரே காலையில் தேர்வு என்றால் யாரோ ஒருவர் வெறுங்கையோடு போகிறார். பக்கத்து மேசையிலிருந்து கடன் வாங்கவும் முடியாது. மண்டபத்தில் ஒரு சின்ன அலமாரி, அதில் நூலகப் புத்தகம் மாதிரி எழுதி வைத்துக்கொண்டு கொடுக்கும் பத்துப் பதினைந்து கால்குலேட்டர்கள், இதை ஒரு சங்கம் தாராளமாகச் செய்யலாம். அன்னதானத்துக்குப் பெயர் எழுதிக் கொடுப்பவர்களிடம் இதையும் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று சொல்லமாட்டார்கள். வாங்கும்போது எல்லாமே ஒரே மாடலாக வாங்குங்கள். நம் பள்ளிகளில் அதிகம் புழங்குவது கேசியோ எஃப்எக்ஸ்-82இசட்ஏ பிளஸ், இந்த நாட்டுக்கென்றே போட்ட மாடல். ஷார்ப் இஎல்-டபிள்யூ535உம் நன்றாக உழைக்கும். எந்த மாடல் என்பதைவிட எல்லாரிடமும் ஒன்றே இருப்பது முக்கியம். வகுப்பில் ஆளுக்கொரு மெஷின் ஆளுக்கொரு விதமாக இருந்தால், பாதி நேரம் பட்டன் தேடுவதிலேயே போய்விடும்.

"இது பள்ளிக்கூடத்தின் வேலை, கோயிலின் வேலையா?" என்றும் ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். பள்ளி செய்ய வேண்டியதைப் பள்ளி செய்யட்டும், அதற்கு நானும் உள்ளே இருந்து குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து டர்பனில் இறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள், பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் வேலை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அரசு ஒரு பங்கு போட்டால் மறு பங்கைத் தாங்கள் போட்டுப் பள்ளிகளைக் கட்டினார்கள். சீனிவாச சாஸ்திரி இங்கே இந்திய அரசின் ஏஜென்ட்டாக இருந்தபோது முயன்று எழுப்பிய சாஸ்திரி கல்லூரியும் நம் மக்கள் திரட்டிய பணத்தில் எழுந்ததுதான். இன்றைய தமிழ் வகுப்புகளும் அப்படித்தான் நடக்கின்றன. நான் கேட்பது கட்டடம் அல்ல. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தில் ஒரு மணி நேரம்.

மண்டபத்தின் நாட்காட்டியும் எனக்குத் தெரியும். தைப்பூசம் முடியும் வரை பேச்சே வேண்டாம். புனித வெள்ளியை ஒட்டி மாரியம்மன் திருவிழா. ஆடியில் கஞ்சி ஊற்றுவது. புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுடையது, அன்று மண்டபம் கேட்டால் எனக்கே பாவம். ஆனால் மெட்ரிக் பிள்ளைகளின் ட்ரையல் தேர்வு, அதாவது இறுதித் தேர்வுக்கான ஒத்திகை, அந்த நேரத்தில்தான், செப்டம்பரில், வருகிறது. இறுதித் தேர்வு தீபாவளியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் மெட்ரிக்கில் போய்ப் பிடிக்காமல் கிரேட் 10இலேயே பிடிக்கச் சொல்கிறேன். ஏப்ரலில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் ஜூன் தேர்வுக்கு முன் ஐந்தாறு சனிக்கிழமை கிடைக்கும். அது போதும். முதல் வாரம் அமைப்புகளும் அடைப்புக்குறியும், அடுத்து சேமிப்பதும் சுருக்குவதும், அப்புறம் டேபிள், ஸ்டாட். கணக்கை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித் தரும் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய பாடத்துக்குப் போகலாமா என்று பிள்ளைகள் தடுமாறுவதும் கிரேட் 10இல்தான். எண் தப்பாக வருவது தன் மூளையால் அல்ல, திரையின் ஓரத்தில் இருக்கும் அந்த ஆர் எழுத்தால் என்று தெரிந்தால் சிலராவது கணக்கிலேயே தங்குவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கணக்கு இல்லாமல் போக முடியாது என்பதைப் பெற்றோர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் டீச்சர் வழக்கம்போலச் சொல்கிறார் என்பார்கள்.

வகுப்பை ஆங்கிலத்தில்தான் நடத்துவேன். தேர்வு ஆங்கிலத்தில், பட்டன்களும் ஆங்கிலத்தில். தமிழ் வகுப்புக்கு வராத பிள்ளைகளும் வரலாம், பக்கத்துத் தெரு ஜூலு பிள்ளைகளும் வரலாம். பெற்றோர் உட்கார விரும்பினால் பின்வரிசையில் நாற்காலி போடுங்கள், வீட்டுக் கடன் வாரத்துக்கு அவர்கள் அவசியம் வர வேண்டும்.

வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் கேசியோ இசட்ஏ பிளஸ் இருந்தால் எடுத்து ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, ஏசி என்று வரிசையாக அழுத்துங்கள். யார் எதை மாற்றி வைத்திருந்தாலும் எல்லாம் பழைய நிலைக்கு வந்து, டிகிரிக்குத் திரும்பிவிடும். பிறகு சைன் 30 போட்டுப் பாருங்கள், இரண்டில் ஒன்று என்று பின்னமாக வரும். அதைத் தசமமாக மாற்ற எஸ், டி என்ற இரண்டு எழுத்துக்கு நடுவில் அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கிறது. உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். தேர்வு நாள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் இதைச் செய்யும் பழக்கம் வந்தால் நல்லது.

உங்கள் அடுத்த சபைக் கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசுங்கள். சம்மதம் என்றால் சாவியை யாரிடம் வாங்க வேண்டும், எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பலகையும் மார்க்கரும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஒரு கணக்கு டீச்சர்
சாட்ஸ்வொர்த்